கோர்ட்டின் பின்பெஞ்சில் ஐந்து பேர்

கேள்வி: வணக்கம் மேடம். நானும் என் மச்சானும் நியூஜெர்சி எடிசனில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறோம். 14 பேர் வேலை செய்கிறார்கள். மருந்துக் கிடங்குகளின் குளிரறைகளில் சரக்கு எப்போது உள்ளே வரவேண்டும், எப்போது வெளியே போகவேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருள் எங்களுடையது. நாங்கள் முன்பு வேலை பார்த்த கம்பெனி, அவர்களுடைய சோர்ஸ் கோடை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்று வணிக ரகசியத் திருட்டு வழக்குப் போட்டிருக்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் நியூவார்க் ஃபெடரல் கோர்ட்டில் ஜூரி விசாரணை. இரண்டு வாரம் ஓடும் என்கிறார்கள். இப்போது எங்கள் வக்கீல் 'ஷேடோ ஜூரி', அதாவது நிழல் ஜூரி, வைக்கலாம் என்கிறார். நிஜ ஜூரியைப் போலவே ஐந்து பேரைச் சம்பளத்துக்குப் பிடித்து கோர்ட்டில் உட்கார வைத்து, ராத்திரிதோறும் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பார்களாம். எஸ்டிமேட் 55,000 டாலர். மச்சான், "இது குறுக்கு வழி, மாட்டினால் கேஸே போய்விடும்" என்கிறான். எனக்கோ, யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நடுவிலேயே சமாதானமாகப் போய்விடலாமே என்று ஓர் ஆசை. வைக்கலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மச்சானுக்கு. இது குறுக்கு வழி இல்லை. இந்த நாட்டில் கோர்ட் கதவு திறந்தேதான் இருக்கும். யார் வேண்டுமானாலும் போய் பார்வையாளர் பெஞ்சில் உட்காரலாம். அப்படி உட்கார்ந்தவரிடம் சாயங்காலம் "இன்றைக்கு உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று கேட்பது குற்றமில்லை. குற்றமாவது ஒன்றுதான்: நிஜ ஜூரர்களோடு எந்த விதத்திலாவது ஒட்டுவது. அது நடந்தால் மச்சான் பயப்படுவதெல்லாம் நடக்கும். விசாரணையே கலைந்துபோகலாம், வக்கீலின் உரிமத்துக்கே ஆபத்து வரலாம். அதனால் என்னைப் போன்ற ஜூரி ஆலோசகர்கள் வைக்கும் ஆட்களுக்கு கோர்ட் கேன்டீன் கிடையாது, மதியச் சாப்பாடு வெளியேதான். ஜூரர்கள் லிஃப்டில் ஏறினால் இவர்கள் அடுத்த லிஃப்டுக்கு நிற்கவேண்டும். கைகழுவும் இடத்தில்கூட "ஹாய்" சொல்லக்கூடாது. நீதிபதியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்வேன், விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும். தினமும் அதே ஐந்து பேர் வந்து, ஜூரி எழுந்து போனால் தாங்களும் எழுந்து போனால், இரண்டாம் நாளே கிளார்க் கவனித்துவிடுவார். பிறகு விளக்கம் சொல்வதைவிட முதலிலேயே சொல்வது மரியாதை. சில நீதிபதிகள் வேண்டாம் என்பார்கள். அப்படிச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது.

எதிர்த்தரப்பு இதைத் தோண்டி எடுத்துவிடுமா என்றும் மச்சான் அடுத்துக் கேட்பார். வழக்குக்காக வக்கீல் செய்யும் தயாரிப்பு வேலையை எதிர்த்தரப்பு கேட்டு வாங்கமுடியாது என்பது 1947-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹிக்மன் வழக்கில் வகுத்த கோட்பாடு. எங்களைப் போன்ற ஆலோசகர்களும் அந்தக் குடைக்குள் வருவோமா என்ற கேள்வி, உங்கள் வழக்கு நடக்கப்போகும் அதே நியூஜெர்சி ஃபெடரல் கோர்ட்டிலிருந்து செண்டன்ட் கம்பெனி வழக்கில் மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கே ஆலோசகர் யார் தெரியுமா? அமெரிக்க டிவியில் நிகழ்ச்சி நடத்திய டாக்டர் ஃபில்! அவர் டிவிக்கு வருமுன் எங்கள் தொழிலில்தான் இருந்தார். 1998-இல் டெக்சஸ் மாட்டிறைச்சிக்காரர்கள் டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே மேல் போட்ட வழக்கில் ஓப்ராவுக்கு ஆலோசகராகப் போய்த்தான் பிரபலமானார். செண்டன்ட் விஷயத்தில், சாட்சியைத் தயார்செய்யும்போது அவர் சொன்னதும் எழுதியதும் பாதுகாக்கப்பட்டவையே என்று 2003-இல் மூன்றாம் சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேராக நிழல் ஜூரியைப் பற்றிய தீர்ப்பு இல்லைதான். ஆனால் உங்கள் வக்கீல் சாய்ந்துகொள்ள நல்ல சுவர்.

சரி, உங்கள் ஆசைக்கு வருகிறேன். அதில்தான் எனக்குச் சண்டை.

இந்த ஐந்து பேர் என்ன செய்வார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். ஜூரி தேர்வு முடிந்த அன்றைக்கே ஆள் பிடிக்கும் வேலை தொடங்கும். ஜூரி பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்களின் வயது, வேலை, படிப்பு, வீடு இருக்கும் ஏரியா எல்லாம் பார்த்து அதே மாதிரி ஆட்களைத் தேடுவோம். அவர்களைக் கூப்பிடுவது ஓர் இடைத்தரகு நிறுவனம். வக்கீல் பெயரோ உங்கள் பெயரோ வெளியே வராது. எந்தப் பக்கம் காசு கொடுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்த நிமிஷத்தில் அவர்கள் ஜூரர் போல யோசிப்பதை விட்டுவிட்டு, முதலாளி எதைக் கேட்டால் சந்தோஷப்படுவார் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒருமுறை எங்களுக்கு இதுவே நடந்தது. எங்கள் தரப்பு இளம் வக்கீல் ஒருவர், நல்ல பையன், லிஃப்டில் எங்கள் நிழல் ஜூரர் அம்மா ஒருவரைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்துவிட்டான். அவ்வளவுதான். அதுவரை எங்கள் சாட்சியைப் "புளுகன்" என்றுகொண்டிருந்தவர், அன்று இரவு போனில் "யோசித்துப் பார்த்தால் பாவம், நல்ல மனுஷன்தான்" என்றார். மறுநாளே அவருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

ஜூரி கேட்பதை மட்டும்தான் இவர்கள் கேட்கவேண்டும். வக்கீல்கள் நீதிபதியிடம் சட்டப் பிரச்சினை பேசுவதற்காக ஜூரியை வெளியே அனுப்பினால் இவர்களும் வெளியே. ஒருவரோடு ஒருவர் கேஸைப் பற்றிப் பேசக்கூடாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் போன் வரும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. பேசுபவருக்கும் எந்தக் கட்சி என்று தெரியாமல் வைத்துக்கொள்வது உத்தமம். கேள்வி எல்லாம் சாதாரணமாகத்தான் இருக்கும். இன்றைக்கு நடந்ததை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். யார் பேசும்போது கவனம் சிதறியது? எதைப் பற்றி இன்னும் கேட்கவேண்டும் என்று தோன்றியது? பத்து மணிக்குள் எல்லாவற்றையும் இரண்டு பக்கமாகச் சுருக்கி வக்கீல் கையில் சேர்த்துவிடுவோம்.

உங்களுடையதைப் போலவே ஒரு சோர்ஸ் கோடு திருட்டு வழக்கு. மூன்று நாளாக எஞ்சினியர் சாட்சிகளும் இரு பக்க வக்கீல்களும் "ரெப்போ, ரெப்போ" என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அது ரெப்பாசிட்டரி, கோடைச் சேமித்துவைக்கும் இடம். மூன்றாம் நாள் இரவு, ஸ்கூல் பஸ் ஓட்டும் ஒரு நிழல் ஜூரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த ரெப்போ என்கிறார்களே, யாருடைய காரைத் தூக்கினார்கள்?" தவணை கட்டாத காரை பேங்க் ஆள் வந்து இழுத்துக்கொண்டு போவதற்குத்தான் இந்த ஊரில் ரெப்போ என்று பேர். மூன்று நாளாக அவர் மனதில் ஏதோ ஒரு கார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! மற்ற நால்வரில் ஒருவருக்கும் அதே குழப்பம், வெளியே சொல்ல வெட்கம். மறுநாள் காலை எங்கள் வக்கீல் அடுத்த சாட்சியிடம் முதல் கேள்வியாகவே, "ஐயா, ரெப்போ ரெப்போ என்கிறோமே, அது ஆபீஸில் இருக்கும் ஃபைல் அலமாரி மாதிரிதானே? யார் எந்தத் தாளை எப்போது எடுத்தார் என்று பேரெழுதிவைக்கும் அலமாரி?" என்றார். நான் ஜூரி பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருவர் பேனாவை எடுத்தார்கள்.

நிழல் ஜூரியின் உபயோகம் இதுதான். சொன்னது காதில் விழுந்ததா, விழுந்தது மண்டைக்குப் போனதா என்று பார்க்கலாம். ஜோசியம் பார்க்கமுடியாது.

நீங்கள் கேட்பது ஜோசியம். ஏன் முடியாது என்கிறேன்: ஐந்து பேர் என்பது ஒரு எண்ணிக்கையே இல்லை. உங்கள் கோர்ட்டில் ஜூரி பெரும்பாலும் எட்டுப் பேர் இருப்பார்கள், விதிப்படி 6-க்குக் குறையாமல் 12-க்கு மேற்படாமல்; தீர்ப்பு ஒருமனதாக இருக்கவேண்டும். அந்த எட்டுப் பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் மடக்கி, கடைசியில் எங்கே போய் நிற்பார்கள் என்பதைத் தனித்தனியே போனில் பேசும் ஐந்து பேரிடமிருந்து கணிக்கமுடியாது. அடுத்தது, இரண்டு வாரம் தொடர்ந்து பகலில் வரக்கூடியவர் யார்? ஓய்வு பெற்றவர், வேலை தேடுபவர், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடிந்தவர். காகிதத்தில் நிஜ ஜூரரைப் போலவே இருக்கும் ஒரு நர்ஸைக் கண்டுபிடிப்போம், அவருக்கு லீவு கிடைக்காது.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரியது. நிஜ ஜூரருக்கு நீதிபதி தினமும் சொல்லி அனுப்புவது, "யாரிடமும் பேசாதீர்கள், முடிவுக்கு வராதீர்கள்" என்று. நம் ஆளிடமோ ராத்திரிதோறும் வாயைக் கிளறுகிறோம். ஒரு கருத்தை வாய்விட்டுச் சொன்னவன் மறுநாள் அதற்கு வக்காலத்து வாங்குவான், மனித சுபாவம். கூடவே, சாயங்காலம் டெஸ்ட் இருக்கிறது என்று தெரிந்த டியூஷன் பிள்ளை போல ஊன்றிக் கவனிப்பார். நிஜ ஜூரர் மதியம் இரண்டரை மணிக்குக் கொட்டாவி விடுவார். போதாததற்கு, நிழல் ஜூரருக்குச் சுமை கிடையாது. அவர் என்ன சொன்னாலும் யார் கம்பெனியும் மூடாது, யாரும் உள்ளே போகமாட்டார்கள். டயமண்ட், சைசல் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோ ஃபெடரல் கோர்ட்டில் 12 குற்ற வழக்குகளில் நிஜ ஜூரியோடு நிழல் ஜூரிகளையும் உட்கார வைத்துப் பார்த்து, 1978-இல் முடிவை வெளியிட்டார்கள். நிஜ ஜூரியைவிட நிழல் ஜூரிகள் அதிகமாகத்தான் 'குற்றவாளி' என்றன. தண்டனை நிஜமில்லை என்றால் கை தாராளமாகத்தான் எழும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் ஒரு பிரதிவாதிக்கு வேலை பார்த்தோம். ஒவ்வொரு இரவும் ஐந்தில் நான்கு பேர் எங்கள் பக்கம். நானும் அறிக்கையின் மேல் மூலையில் '4–1' என்று போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். விசாரணை நடுவில் எதிர்த்தரப்பு கௌரவமான ஒரு தொகைக்குச் சமாதானம் பேச வந்தது. எங்கள் கட்சிக்காரர் அந்த '4–1'-ஐ விரலால் தட்டிக்காட்டி, வேண்டாம் என்றுவிட்டார். நிஜ ஜூரி மூன்று மணி நேரத்தில் எங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து என் அறிக்கையில் யார் முன்னே, யார் பின்னே என்ற கணக்கே இருக்காது. கட்சிக்காரர் கேட்டாலும் கொடுப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால் இந்தத் தொழிலின் ஆதிக்கதையே இப்படித்தான். 1977-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஐபிஎம் மேல் கால்காம்ப் என்ற கம்பெனி போட்ட ஏகபோக வழக்கில், டொனால்ட் வின்சன் என்ற மார்க்கெட்டிங் பேராசிரியர் ஐபிஎம் தரப்புக்காக நிழல் ஜூரி வைத்தார். சோப்புக்கும் ஷாம்புவுக்கும் வாடிக்கையாளர் மனதை அளக்கிறவர்கள் ஜூரியின் மனதை ஏன் அளக்கக்கூடாது என்பது அவர் யோசனை. டிஸ்க் டிரைவ், சந்தைப் பங்கு என்று தலைசுற்றும் சமாசாரம். சாதாரண ஆளுக்கு இதில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று ஐபிஎம் வக்கீல்கள் பார்க்க நினைத்ததில் நியாயம் இருந்தது. கடைசியில் என்ன ஆயிற்று? வாதி தரப்பு முடிந்ததுமே, ஜூரியிடம் அனுப்புமளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்று நீதிபதியே ஐபிஎம் பக்கம் முடித்துவைத்துவிட்டார். நிழல் ஜூரி சொன்னது சரியா தப்பா என்று ஒத்துப்பார்க்க நிஜ ஜூரியின் தீர்ப்பே இல்லை. ஆனாலும் தொழில் பிறந்துவிட்டது.

இனி உங்கள் கேஸ். உங்களுக்குச் சாதகமாக ஒன்று சொல்லவேண்டும்: நீங்கள் பிரதிவாதி. வாதி முதலில் பேசுவார், அவர் சாட்சிகள் முதலில் வருவார்கள். எது ஒட்டிக்கொண்டது, எது நழுவியது என்று நான்கைந்து நாள் கேட்டுவிட்டு அதற்குத் தகுந்தபடி உங்கள் சாட்சிகளை அடுக்கலாம். நிழல் ஜூரியால் பிரதிவாதிக்குத்தான் லாபம் அதிகம் என்பது என் அனுபவம். வாதிக்கு அறிக்கை வரும்போது அவருடைய நல்ல சரக்கு பாதி தீர்ந்திருக்கும்.

ஆனால் உங்கள் கேஸில் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் வக்கீலின் எஸ்டிமேட்டில் அது இருக்கிறதா என்று தெரியவில்லை. இது வணிக ரகசிய வழக்கு. அந்த ரகசியத்தைத் திரையில் போட்டுக் காட்டும் நேரத்தில் வாதி, "இது எங்கள் ரகசியம், பொதுமக்கள் வெளியே போகட்டும்" என்று கேட்பார். நியூஜெர்சி ஃபெடரல் கோர்ட்டின் உள்ளூர் விதி 5.3 அதற்கென்றே இருக்கிறது: மனு போடவேண்டும், காரணம் காட்டவேண்டும், நீதிபதிகள் லேசில் சம்மதிக்கமாட்டார்கள். சம்மதித்துவிட்டால் கதவு சாத்தப்படும். நிஜ ஜூரி உள்ளே இருக்கும், உங்கள் ஐந்து பேர் நடைபாதையில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பொதுமக்கள் இல்லை, எங்கள் ஆட்கள் என்று சொல்லி உள்ளே வைக்கவும் முடியாது. ரகசியத்தைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள் யார் யார் என்று கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவில் ஏற்கெனவே எழுதியிருக்கும். இரண்டு கோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிபுணர் ஒப்பிடும் அந்த அரை நாள்தான் உங்கள் வழக்கின் உயிர். அதைப் பார்க்காதவரிடம் ராத்திரி போன் போட்டு என்ன கேட்பது?

திரையைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று. பல கோர்ட்டுகளில் ஜூரர்களுக்குப் பெட்டிக்குள்ளேயே சின்ன மானிட்டர் இருக்கும். பின்பெஞ்சிலிருந்து பார்த்தால் கோடு வரிகள் எறும்பு ஊர்வதுபோல்தான் தெரியும். உங்கள் வக்கீலை ஒருநாள் அந்தக் கோர்ட் ஹாலின் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 250 டாலர் என்று வைத்தாலும் ஐந்து பேருக்குப் பத்து நாளைக்கு 12,500 டாலர்தான். (நிஜ ஃபெடரல் ஜூரருக்கு அரசாங்கம் கொடுப்பது நாளைக்கு 50 டாலர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) மீதி 42,500 ஆள் பிடிக்க, போன் பேச, அறிக்கை எழுத என்று எங்களைப் போன்றவர்களுக்கு. அதிகம் என்று சொல்லமாட்டேன், என் தொழிலை நானே குறைசொல்வதா? ஆனால் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் எதுவும் கிடையாது, போர்டு மாட்டினவரெல்லாம் ஆலோசகர்தான். யார் போன் பேசப்போகிறார், அவர் இதற்குமுன் எத்தனை விசாரணைக்குப் பேசியிருக்கிறார் என்று கேளுங்கள். ஜெயித்தாலும் இந்தச் செலவைப் பொதுவாக எதிர்த்தரப்பிடமிருந்து வாங்கமுடியாது. 14 பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு 55,000 டாலர் சின்னக் காசு இல்லை.

என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து, இப்போதே, விசாரணைக்கு முன்பே, ஒரு மாதிரி விசாரணை வையுங்கள். ஒரு சனிக்கிழமை, ஹோட்டல் ஹால், அந்த வட்டாரத்து ஆட்கள் இருபது முப்பது பேர். பாதுகாப்பு உத்தரவு அனுமதிக்கும் அளவுக்குள், ரகசியம் இல்லாத சரக்கை வைத்து, இரண்டு பக்கத்தையும் உங்கள் வக்கீல்களே வாதிடட்டும். எதிர்த்தரப்பு வேஷம் கட்டுபவர் உங்கள் அணியில் கெட்டிக்காரராக இருக்கவேண்டும், அங்கேதான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். பிறகு அவர்களைக் குழு குழுவாகப் பிரித்து ஓர் அறையில் விட்டு விவாதிக்க வையுங்கள். பின்பெஞ்சு ஆட்களிடமிருந்து கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும்: மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் வாதாடும்போது எந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று காதால் கேட்கலாம். "ரெப்போ" மாதிரி விபத்துகளில் பெரும்பாலானவை இங்கேயே மாட்டும், திருத்த மூன்று மாதம் இருக்கும். நடு விசாரணையில் திருத்த ஒரு ராத்திரிதான். மச்சானையும் அழைத்துக்கொண்டு போங்கள். தன்னைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் பேசுவதைக் கேட்பது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் கேட்கட்டும்.

அதற்குப் பிறகும் நிழல் ஜூரி வேண்டும் என்று வக்கீல் பிடிவாதம் பிடித்தால், முழு இரண்டு வாரத்துக்கு வேண்டாம். தொடக்க உரையிலிருந்து வாதி தரப்பு முடியும்வரை, மூன்று பேர். அறிக்கை வக்கீலுக்கு மட்டும் போகட்டும். உங்களுக்கு வேண்டாம், மச்சானுக்கு வேண்டவே வேண்டாம். சமாதானம் பேசுவதை அதோடு முடிச்சுப் போடாதீர்கள். இந்த வழக்கில் தோற்றால் அதிகபட்சம் எவ்வளவு போகும், வேண்டுமென்றே திருடினீர்கள் என்று முடிவானால் 2016-ஆம் வருஷத்து ஃபெடரல் சட்டப்படி நஷ்டஈட்டின் இரண்டு மடங்குவரை தண்டத்தொகை மேலே சேரலாம், எதிர்த்தரப்பு வக்கீல் ஃபீஸும் தலையில் விழலாம், அதைக் கம்பெனி தாங்குமா என்ற கணக்கை விசாரணைக்கு முன்னால், நிதானமாக இருக்கும் ஒரு நாளில், ஆடிட்டரையும் வைத்துக்கொண்டு போட்டுவிடுங்கள்.

ஊரிலிருக்கும் பெரியவர்கள், "ஜட்ஜ் இருக்கும்போது பஸ் டிரைவர் எதற்குத் தீர்ப்புச் சொல்லவேண்டும்?" என்று கேட்டால், மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் பம்பாய் கேஸை ஞாபகப்படுத்துங்கள். 1959-இல் எட்டுக்கு ஒன்று என்று ஜூரி அவரை விடுவித்தது, நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். இந்தியாவில் அந்தப் பழக்கம் போய்விட்டது. இங்கே அரசியல் சாசனத்தின் ஏழாம் திருத்தம் 20 டாலருக்கு மேற்பட்ட வழக்குக்கே ஜூரி உரிமை தருகிறது, அதனால் பஸ் டிரைவருக்குப் புரியும்படி பேசித்தான் ஆகவேண்டும்.

நாளைக்கே வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரண்டே கேள்வி: கதவைச் சாத்தும்படி வாதி மனுப் போட்டிருக்கிறாரா, போட்டால் பத்து நாளில் எத்தனை மணி நேரம் சாத்தப்படும் என்று எதிர்பார்க்கிறார்? நமது நிபுணர் பேசும் நேரமும் அதற்குள் வருகிறதா? பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். நிபுணர் பேசுவது சாத்திய கதவுக்குப் பின்னால்தான் என்றால் ஐந்து பேரும் வேண்டாம், மூன்று பேரும் வேண்டாம்.